ராஜுவுக்கு இப்ப என்ன வயசு?

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காலையில் பட்டறைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு முந்தைய சாகசப் படம் ஒன்றுக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறீர்கள் என்றாய். நாயகனின் பழைய முகத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து முதல் அரைமணி நேரம் ஓட்டினால் தியேட்டர் அதிரும் என்று உங்கள் அறையில் எல்லோரும் சொல்கிறார்கள், உனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒப்பாத அந்த மனசை விட்டுவிடாதே.

உன் அம்மாச்சி, அதாவது என் அம்மாவின் கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே 11-ல் வெளிவந்தது. மே 20-ல் இங்கே திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். எட்டு வயசுப் பையனான எனக்குப் பட போஸ்டர் எது, தேர்தல் போஸ்டர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெரியவர்களும் அப்போது அப்படிப் பிரித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது அதற்குப் பல மாதம் கழித்து. அம்மாச்சி தரை டிக்கெட் எடுத்து, முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி எனக்கு மணலைக் குவித்து மேடு போட்டுக் கொடுத்தார். மின்னலின் சக்தியைப் பிடித்துவைக்கும் விஞ்ஞானி முருகன், அவனைத் தேடி நாடு நாடாக அலையும் தம்பி ராஜு. ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான், ஒசாகாவில் 1970-ல் நடந்த எக்ஸ்போ கண்காட்சி. கடலையே பார்த்திராத அம்மாச்சி அன்று ராத்திரி கப்பலும் விமானமும் ஏறிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். அப்புறம் சிறுமலைக்கு மேல் மின்னல் வெட்டும்போதெல்லாம் முருகன் பிடித்திருப்பானா என்று கேட்பேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார்.

படம் முடியும்போது அடுத்த படத்துக்கு அறிவிப்பு வந்தது, ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று. கூட்டம் பாதி எழுந்துவிட்டிருந்தது. அம்மாச்சி எழவில்லை. எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன்.

அந்தப் படம் வரவே இல்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகிவிட்டார். 1978 தொடக்கத்தில் வந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’தான் கடைசிப் படம். ஒருவிதத்தில் பார்த்தால் ராஜுவின் அடுத்த பயணத்துக்கு எங்கள் தொகுதிதான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தது. ஆனால் அவன் போனது ஆப்பிரிக்காவுக்கு அல்ல, கோட்டைக்கு.

நாற்பத்தைந்து வருடம் கழித்து, 2018 ஜனவரி 17 அன்று, எம்.ஜி.ஆர். பிறந்தநாளில், அதே தலைப்பில் அனிமேஷன் படம் எடுக்கத் தொடக்கவிழா நடந்தது. ரஜினியும் கமலும் வந்திருந்தார்கள். நான் ஓடிப்போய் அம்மாச்சியிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிய மனுஷி, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ராஜுவுக்கு இப்ப என்ன வயசு?”

மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து இரண்டாம் பாகம் எழுதுகிறவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான். காத்திருந்தவர்களுக்கு வயசாகியிருக்கிறது. நடுவில் கல்யாணம், சாவு, கடன், ஆபரேஷன் எல்லாம் வந்துபோயிருக்கின்றன. நாயகனுக்கு மட்டும் எதுவுமே நடக்கவில்லை என்று காட்டினால் அவன் நம் ஆள் இல்லை என்று ஆகிவிடும்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். பழைய பூட்டைக் கொண்டுவந்து சாவி தொலைந்துவிட்டது என்பார்கள். பூட்டு செய்த நாளின் அளவு நம்மிடம் இருக்கும். அந்த அளவுக்கே சாவி வெட்டினால் பல நேரம் இறுகி நிற்கும். உள்ளே லீவர் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். போட்டுப் பார்த்து, எடுத்து, அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி போட்டுப் பார்த்து... தேய்மானத்தைக் கை அறிந்த பிறகுதான் திறக்கும்.

2023-ல் வந்த கடைசி இண்டியானா ஜோன்ஸ் படத்தை நீதான் எனக்குப் போட்டுக் காட்டினாய். 1981-ல் தொடங்கிய வரிசை, கடைசிப் படம் வந்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு எண்பது. தொடக்கத்தில் 1944-ல் நடப்பதாக நீண்ட ரயில் சண்டை, இளமை முகம். கண் பிரமித்தது, நெஞ்சு அசையவில்லை. முகம் இளையது, குரல் கிழவருடையது என்று எனக்குப் பட்டது. கடைசியில் மனைவி மரியன் திரும்பி வந்து வீட்டுக்குள் நிற்கிறாளே, மகனைப் போரில் பறிகொடுத்து ஒருவரையொருவர் இழந்த இரண்டு பேர், எங்கே வலிக்கவில்லை என்று முதல் படத்தின் பேச்சைத் திரும்பப் பேசுகிறார்களே, அங்கேதான் நான் கண்ணைத் துடைத்தேன். அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை.

குரல் என்றதும் எம்.ஜி.ஆர். ஞாபகம் வருகிறது. 1967 ஜனவரியில் குண்டடி பட்ட பிறகு அவர் குரல் மாறிவிட்டது. வேறு ஆளை வைத்துப் பேசவைத்திருக்கலாம். அவர் தன் குரலிலேயே பேசினார், அதே வருடம் வந்த ‘காவல்காரன்’ ஓடியது. உலகம் சுற்றும்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது, தொண்டையில் காயம். அம்மாச்சி அந்தக் காயத்தையும் சேர்த்துத்தான் அவரை நேசித்தார். ஜனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று உங்கள் அறையில் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்.

நம் ஊரிலேயே இரண்டு பாடம் கிடக்கிறது. ‘இந்தியன்’ 1996, இரண்டாம் பாகம் 2024. சேனாபதி முதல் படத்திலேயே முதியவர், சுதந்திரப் போராட்ட காலத்து ஆள். இப்போது நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த நூறின் பாரத்தைக் கதை சுமக்கவே இல்லை, எனக்கு அது பெரிய ஏமாற்றம். ‘விக்ரம்’ வேறு. 1986-ல் சுஜாதா எழுதிய உளவாளி, அக்னிபுத்திரன் ஏவுகணையைத் தேடி சலாமியா வரைக்கும் போனவன். 2022-ல் லோகேஷ் கனகராஜ் அவனைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிள்ளையைப் பறிகொடுத்தவனாக, பேரக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவனாகக் கொண்டுவந்தார். சின்னச் சத்தம்கூடக் குழந்தைக்கு ஆகாது என்று அவன் பதறுகிற இடத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே அந்த அரைமணி நேரத்தை எடுத்துவிடச் சொல். முடியாது என்றால் சண்டை போடாதே, நீ அங்கே சின்னவன். உன் நாயகனுடைய இந்த முப்பது வருடத்தை வருடம் வருடமாக ஒரு நோட்டில் எழுது. எந்த வருடம் முட்டி வலி வந்தது, யார் சாவுக்குப் போக முடியவில்லை, பழைய தோழனோடு ஏன் பேச்சு விட்டுப்போனது. படத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் அவன் ஒரு படி ஏறினால் அந்த முப்பது வருடமும் சேர்ந்து ஏறும்.

தீபாவளிக்கு வரும்போது முதல் காட்சியை எடுத்துக்கொண்டு வா. அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டு. இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, வலது பக்கம் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும்.

உன் தாய்மாமா