பணத்தால் ஆகாத ஒரு ஸதகா

நற்காரியங்களுக்கு நிதி திரட்ட மேல்நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இத்தனை மைல் தூரம் சைக்கிளில் செல்லப்போவதாக ஒருவர் அறிவிப்பார். உறவினரும் நண்பரும் உடன் வேலை செய்வோரும் அதை முன்னிட்டு ஆளுக்கொரு தொகை தருவார்கள். திரளும் பணம் அவர் குறிப்பிட்ட தர்ம நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். 2013இல் தொடங்கிப் பல ஆண்டுகள் லண்டனில் நடந்த 'ரைடு லண்டன்' என்னும் 100 மைல் பயணம் இவ்வகையில் பெயர் பெற்றது. 2017இல் பிரிட்டிஷ் முஸ்லிம்கள் எண்மர் லண்டனிலிருந்து மதீனாவை நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டு, ஸிரியா மக்களின் மருத்துவ உதவிக்காக நிதி திரட்டியதும் இந்த வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.

இப்படிச் சைக்கிள் மிதிப்போரில் ஒரு சாரார் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடுகளுக்காக மிதிக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் கேட்பவை இரண்டு: ஒன்று பணம், மற்றொன்று பதிவேட்டில் எழுதிக்கொள்ள நம் பெயர். பணம் கொடுக்க முன்வருகிறவர்கள் பலர்; பெயர் கொடுப்போர் சிலர். அதிலும் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் மிகச் சிலர். இதனால் விளையும் கேடு என்ன, இதில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழி என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மஜ்ஜையும் பொருத்தமும்

எலும்பின் உட்பகுதியில் இருக்கும் மஜ்ஜைதான் நம் உடலில் இரத்தம் உண்டாகும் இடம். இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற சில நோய்களில் அந்த ஊற்றே கெட்டுப்போகிறது. அப்போது நோயாளியின் மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிட்டு, ஆரோக்கியமான ஒருவரின் மூல உயிரணுக்களை அவருக்குச் செலுத்துகிறார்கள். அவை எலும்புக்குள் சென்று குடியேறிப் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன.

ஆனால் யாருடைய மஜ்ஜையும் யாருக்கும் சேர்ந்துவிடாது. இரத்த வகை ஒன்றாக இருப்பது இதற்குப் போதாது. எச்.எல்.ஏ. என்று மருத்துவர்கள் அழைக்கும் திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும். அவற்றில் பாதியை வாப்பாவிடமிருந்தும் பாதியை உம்மாவிடமிருந்தும் நாம் பெறுகிறோம். ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வீட்டில் பொருத்தம் இல்லையென்றால் வெளியில்தான் தேட வேண்டும். அடையாளம் பொருந்தாத மஜ்ஜையைச் செலுத்தினால், புதிதாக வந்த அணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கும் அபாயம் கூடுகிறது. பாதிப் பொருத்தத்தைக் கொண்டு செய்யும் சிகிச்சையும் இப்போது வந்திருக்கிறது என்றாலும், முழுப் பொருத்தத்தின் தேவை நீங்கிவிடவில்லை.

இந்த அடையாளங்கள் வம்சாவளியாக வருபவை. எனவே ஒருவருக்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் அவர் முன்னோர் வாழ்ந்த பிரதேசத்து மக்களிடையேதான் கிடைப்பார். மனிதர்களின் நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆவது வசனம் காட்டுகிறது. வெளியே தெரியும் அந்த வேற்றுமையை, கண்ணுக்குத் தெரியாத அணுவிலும் வல்ல நாயன் அமைத்திருக்கிறான்.

இரண்டு குடும்பங்கள்

1974இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், தம் மகன் அந்தோணிக்கு மஜ்ஜை தேடி ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். உறவினரல்லாத கொடையாளர்களைப் பதிவு செய்து வைப்பதில் உலகிற்கே அதுதான் முன்னோடி. பொருத்தமானவர் கிடைக்காமலே 1979இல் அந்தச் சிறுவன் இறந்துபோனான். அவன் பெயரில் அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது. எத்தனையோ பேருக்கு வாழ்வு கிடைக்கக் காரணமாகியிருக்கிறது.

1993இல் அதே நாட்டில் டேனியல் டி கேல் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. பதிவேடு இருந்தது, ஆனால் அதில் அவனுடைய இனத்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தார்கள். பெற்றோர் சோர்ந்துவிடவில்லை. 1996இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, தம் சமூகத்தாரிடம் சென்று பெயர் கேட்டார்கள். 1999இல் அமெரிக்காவில் வசித்த ஒரு பெண்மணியின் மஜ்ஜை பொருந்தியது. உறவினரல்லாதவரிடமிருந்து மஜ்ஜை பெற்ற முதல் கறுப்பினத்தவராக பிரிட்டனில் அவன் அறியப்பட்டான். 2008இல் இறக்கும் வரை மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தான்.

அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வேறுபாட்டை எண்களில் காட்டிற்று. முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினருக்கு நூற்றுக்கு 75. தெற்காசியருக்கு அது 33. ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு 19. நோய் ஒன்றுதான், சிகிச்சையும் ஒன்றுதான். பதிவேட்டில் தம்மைப் போன்றவர்கள் இல்லாததால் வாய்ப்பு குன்றிவிடுகிறது.

ஒருவரைப் பரிசோதித்துப் பதிவேட்டில் சேர்க்க 40 பவுண்டு ஆகிறது என்று சொல்லியே அந்தோணி நோலன் நிறுவனம் நிதி திரட்டி வந்திருக்கிறது. சைக்கிள் பயணத்தில் சேரும் பணம் அந்தச் செலவுக்கு உதவுகிறது. ஆனால் கோடி பவுண்டு சேர்ந்தாலும், ஒரு தெற்காசியக் குழந்தைக்குப் பொருந்தும் மஜ்ஜையை அந்தப் பணத்தால் உண்டாக்கிவிட முடியாது. அது ஒரு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

மார்க்கத்தின் நிலை

உடலின் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுப்பது ஆகுமா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்தது. இரத்தம், தோல் போலத் தானாகவே மீண்டும் வளரக்கூடியதை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது கூடும். கொடுப்பவர் பருவமடைந்தவராகவும் தெளிந்த அறிவுள்ளவராகவும் இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. மஜ்ஜையும் இந்த வகையைச் சேர்ந்தது; எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடுகிறது. அதை விற்பதற்கு மட்டும் இடமில்லை.

இன்னொரு சந்தேகமும் எழலாம். சிகிச்சைக்குப் பின் நோயாளியின் உடலில் ஓடும் இரத்தம், கொடுத்தவருடைய இரத்தத்தின் அடையாளத்தைப் பெறுகிறது. இரத்த வகைகூட மாறிவிடலாம். அப்படியானால் பால்குடி உறவைப் போல இருவரிடையே திருமணத் தடை ஏற்படுமா? ஏற்படாது. பால்குடியால் வரும் ஹுர்மத் குழந்தைப் பருவத்தில் அருந்தும் பாலுக்கே உரியது. இரத்தம் ஏற்றுவதால் அந்தத் தடை வராது என்று 1989இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் சபை தெளிவாக்கியிருக்கிறது. வம்சமும் மாறாது, அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகளே.

வாக்கு ஓர் அமானிதம்

பெயர் கொடுப்பது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும். அழைப்பு பல ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். வந்தால், பத்தில் ஒன்பது பேருக்குக் கையிலுள்ள நரம்பின் வழியாகவே அணுக்கள் எடுக்கப்படுகின்றன. அதற்கு முன் நான்கைந்து நாட்கள் ஊசி போடுவார்கள். உடல்வலியும் தலைவலியும் வந்து போகும். மற்றவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். முதுகுத் தண்டில் யாரும் கைவைப்பதில்லை.

சோதனை வேறோர் இடத்தில் இருக்கிறது. கொடையாளர் சம்மதித்து நாள் குறித்தபின்தான் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கத் தொடங்குகிறார்கள். அந்த வேளையில் "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று ஒருவர் பின்வாங்கினால், அங்கே படுத்திருப்பவருக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அது அவருடைய உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே கூட்டத்தைப் பார்த்தோ, நண்பன் சைக்கிள் மிதிக்கிறான் என்ற உற்சாகத்திலோ பெயர் எழுதிவிடக் கூடாது. முதலில் நிய்யத்தைச் சரி செய்யுங்கள். பிள்ளைகள் வாப்பாவிடமும் உம்மாவிடமும், மணமானவர்கள் தம் துணையிடமும் முன்பே பேசி அவர்கள் அச்சத்தைத் தீர்த்துவிடுங்கள். முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்வது குற்றமல்ல. சொன்ன பிறகு கைவிடுவதுதான் அமானிதத்துக்கு மோசம் செய்வது.

இது பிரிட்டனில் இருப்பவர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. உலகப் பதிவேடுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவற்றில் 4 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தியர்களின் பங்கு அதில் மிகச் சிறியது. 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்ற பதிவேடு தொடங்கப்பட்டது. லண்டனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொருத்தமானவர் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்கக்கூடும். அவர் பெயர் எழுதப்படாத வரை, அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் பெரும்பாலும் இளைஞர்களையே தேர்ந்தெடுப்பதால், வீட்டிலுள்ள வாலிபப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.

ஓர் உயிரைக் காப்பாற்றுவதன் மதிப்பு என்ன என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆவது வசனத்தை ஓதும் எவரும் அறிவார். வாய்ப்புள்ளவர் பணம் கொடுக்கட்டும். அதற்கும் கூலி உண்டு. உடல்நலமும் உறுதியும் உள்ளவர், பணத்தால் ஆகாத இந்த ஸதகாவுக்கும் முன்வரட்டும். சொன்ன சொல்லில் நிலைத்து நிற்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.