வாயிலும் இல்லமும்

ஆங்கில நாட்டுப் பெருமனைகளின் எல்லையில் சிறு வீடு ஒன்று இருக்கும். அதனைக் 'கேட் லாட்ஜ்' என்பர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இவை பெருகின. வாயில் காப்போன் குடும்பத்துடன் அதில் வாழ்ந்தான். வண்டியோசை கேட்டதும் கதவு திறப்பது அவன் கடமை. மனையின் சிறப்பை வருவோர்க்கு முன்னறிவிப்பது அவ்வீட்டின் கடமை.

ஐதராபாத்தில் இதற்கு ஒப்பானது எது? பிரபுக்களின் மாளிகையை இங்கே 'தேவ்டி' என்பர். அச்சொல்லின் முதற்பொருள் தலைவாயில் என்பதே. வாயிலின் பெயரே வீட்டின் பெயராயிற்று! இலக்கணப்போலி கற்ற நமக்கு இது வியப்பன்று. 'இல்வாய்' என்பது 'வாயில்' ஆனபோது, அங்கும் வாயே இல்லத்தை முந்திற்று.

நிசாமின் முதலமைச்சர்களாய் விளங்கிய சாலார் சங் குடும்பத்தாரின் மாளிகை 'திவான் தேவ்டி'. 1951 டிசம்பர் 16ஆம் நாள் நேரு அங்கே அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1968இல் அது மூசி ஆற்றங்கரையிலுள்ள புதுக் கட்டடத்திற்கு மாறியது. பின்னர் மாளிகை மறைந்தது. நுழைவாயில் வளைவுகளே எஞ்சின. அவற்றைக் கடைத்தெருவின் முகப்பென்றே பலரும் எண்ணுவர்.

ஒரு பல்லைக்கொண்டு அழிந்த விலங்கின் உருவை அறிவது அறிவியல் முறை. வளைவின் உயரத்தையும் அகலத்தையும் கொண்டு, அதனுள் நுழைந்த வாழ்வையும் ஓரளவு அறியலாம். ஆனால் அந்தப் பல்லும் உதிர்ந்தால்? மாளிகையைக் காத்த வாயிலை இனி யார் காப்பது?

நண்பர்களே! படிப்பும் பிழைப்பும் தேடி வந்த நமக்கு இந்நகரம் வாயில் திறந்தது. ஒரு விடுமுறை நாளில் அளவுநாடாவுடன் சென்று, அதன் வாயில்களை அளந்து வரைந்து வைப்போம். நன்றிக்கடன் அங்கே தொடங்கட்டும்.