வாசல் தொட்டியில் ரோஜாக் கொத்து
(சிறிய வீட்டுத் தோட்டத்திற்கேற்ற புளோரிபண்டா ரோஜா வளர்ப்பு)



காலையில் குளித்து முழுகி விளக்கேற்றும்போது நம் வீட்டுச் செடியில் பூத்த ஒரு பூவையாவது சுவாமி படத்திற்கு வைக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி போன்றவை நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் கேட்காமலே பூத்துத் தள்ளும். ரோஜா அப்படியன்று. "ரோஜாவெல்லாம் கேமரன் மலைக்குத்தான் சரி, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று சொல்லிக் கைவிட்டவர்களே அதிகம்.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகும்போதெல்லாம் ஆறு தொட்டி, எட்டுத் தொட்டி என்று வாங்கிக் காரின் பின்புறம் அடுக்கிக்கொண்டு வருவேன். கிள்ளானுக்கு வந்த முதல் இரண்டு வாரம் வீட்டு வாசல் கல்யாண வீடு போலிருக்கும். மூன்றாவது வாரம் இலைகளில் கருப்புப் புள்ளி விழும். ஐந்தாவது வாரம் முள்ளும் குச்சியுமாக நிற்கும். இப்படி நான்கு தடவை பணத்தைத் தொலைத்த பிறகுதான், குற்றம் வெயிலுடையது மட்டும் அன்று என்பது எனக்குப் புரிந்தது.

கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் உண்டு. ஆனால் அங்கும் மழை பெய்கிறதே, அங்கே மட்டும் செடி எப்படி நிற்கிறது? அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். மலைச்சரிவு முழுவதும் பிளாஸ்டிக் கூரைகள். விற்பனைக்கு வளர்க்கும் பூச்செடிகளில் பெரும்பகுதி அந்தக் கூரையின் கீழ்தான் வளர்கிறது. மழைத்துளி இலைமேல் படுவதில்லை. அந்தச் செடியைக் கொண்டு வந்து, மாலை மூன்று மணிக்குக் கொட்டும் நம் ஊர் மழையில் நிறுத்துகிறோம். இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கிறது. ரோஜாவின் பெரிய எதிரியாகிய கரும்புள்ளி நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. அந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைவதற்கு இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும். ஆகவே ரோஜா வளர்ப்பில் நாம் முதலில் படிக்க வேண்டிய பாடம், இலையைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதே ஆகும். உரம், மண் எல்லாம் அதற்குப் பின்தான்.

இரண்டாவது, எந்த ரோஜாவைத் தேர்ந்தெடுப்பது என்பது. நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் டீ வகை கண்ணைப் பறிக்கும். ஆனால் அது உயர்ந்து ஒல்லியாக வளரும். ஒரு பூ வாடினால் அடுத்த பூவுக்குக் காத்திருக்க வேண்டும். சின்ன வாசலுக்கு ஏற்றது புளோரிபண்டா. அந்தச் சொல்லுக்கே 'நிறையப் பூப்பது' என்று பொருள். இடுப்பளவு உயரத்துக்குள் புதராக அடங்கி, ஒரே கிளையின் நுனியில் ஐந்து, பத்து என்று கொத்தாகப் பூக்கும். ஒரு பூ உதிரும்போது பக்கத்து மொட்டு விரியும். இந்த வகையின் பிறப்பு டென்மார்க்கில். பால்சன் குடும்பத்தார் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காகச் சிறுபூக் கொத்து ரோஜாவையும் பெரும்பூ ரோஜாவையும் கலந்து உண்டாக்கினார்கள். அவர்களுடைய 'எல்சே பால்சன்' 1924இல் வெளிவந்தது. பிறகு ஜெர்மனியின் கோர்டஸ் நிறுவனம் 1958இல் 'ஐஸ்பர்க்' என்னும் வெள்ளை ரோஜாவைத் தந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 1983இல் அதைத் தன் புகழ்ப் பட்டியலில் சேர்த்தது.

பனி கொட்டும் நாட்டில் பிறந்தாலும் ஐஸ்பர்க் வெயில் நாடுகளிலும் நன்றாகவே பூக்கிறது. கரும்புள்ளி அதற்கும் வரும். வராது என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். ஆனால் இலை கொட்டினாலும் சோர்ந்து போகாமல் மீண்டும் துளிர்க்கும் குணம் அதற்கு உண்டு. வாசனை மட்டும் இலேசானதுதான். மணம் வேண்டுமென்பவர்கள் பக்கத்தில் ஒரு மல்லிகையை வைத்துக்கொள்ளலாம். பெயர் எழுதாத செடியை வாங்குவதானால் பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். அடியிலிருந்து மூன்று நான்கு கிளைகள் பிரிந்து, இலை கெட்டியாகப் பளபளவென்றிருந்தால் அந்தச் செடியை எடுக்கலாம்.

இடம்: தினமும் ஐந்து ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். காலை வெயில் சிறந்தது, ஏனென்றால் இரவு பனியையும் மழை ஈரத்தையும் அது சீக்கிரம் உலர்த்திவிடும். வரிசை வீட்டில் கார் நிறுத்தும் கூரையின் விளிம்பு நல்ல இடம். வெயில் விழும், மழை நேராக விழாது. எங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த அந்த மூன்றடி இடத்தில்தான் இப்போது ஐந்து தொட்டிகள் இருக்கின்றன. தொட்டிக்குத் தொட்டி ஒரு முழ இடைவெளி விடுங்கள். காற்று புகுந்து வர வேண்டும். சிங்கப்பூரில் அடுக்குமாடியில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: நடைவழியில் தொட்டி வைத்தால் ஆள் செல்ல 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்து நேரத்தில் அதுதான் உயிர் வழி.

தொட்டி ஓரடி அகலத்துக்குக் குறையக்கூடாது. மண்கலவைக்கு நான் எடுப்பது இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு, ஒரு பங்கு கரித்த உமி அல்லது பெருமணல். தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடித்துளை வழியே வெளியேற வேண்டும். தேங்காய் நார்த்தூளை மட்டும் நிரப்பி வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகிவிடும். கடையில் வாங்கிய செடியை அந்தச் சின்னத் தொட்டியிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் நிழலோரத்தில் பழக்கிவிட்டு, வேர்மண் உடையாமல் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

தண்ணீரைக் காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள். மாலையில் ரப்பர் குழாயால் செடியைக் குளிப்பாட்டுவது நம்மவர்களுக்குப் பெரிய பிரியம். அதுதான் கரும்புள்ளியைக் கையால் அழைப்பது. தொட்டியின் கீழ்த்தட்டை எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீர் வேரைக் கெடுப்பது ஒருபுறமிருக்க, ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரத்தில் பறந்துவிடும். டிங்கியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கலாம். பூ வளர்க்கப் போய் அந்தப் பழி வேண்டாம்.

கரும்புள்ளி எப்படி இருக்கும்? இலையின் மேல்புறம் ஓரம் பிசிறடித்த கருப்புப் பொட்டு. அதைச் சுற்றி மஞ்சள். பிறகு இலை உதிரும். முதல் இரண்டு மூன்று இலைகளிலேயே கண்டுபிடித்துக் கிள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே உரமாக விடக்கூடாது. மழைத்துளி தெறிக்கும்போது அதிலிருந்துதான் நோய் மேலேறும். பொறுக்கிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். எங்கள் வீட்டில் இது பேத்தியின் வேலை. ஓர் இலைக்கு ஒரு காசு என்று ஆரம்பித்தேன். இப்போது காசு கேட்பதில்லை, இலையை எண்ணிச் சொல்வதோடு சரி.

மழையில்லாத நாட்களில் வேறொரு தொல்லை. இலையின் அடிப்புறம் தூசி படிந்தது போலிருந்தால் அது சிவப்புச் சிலந்தி. காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். மாவுப்பூச்சியைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துவிடலாம். கந்தகத்தூள் தெளிப்பவர்கள் கொளுத்தும் வெயில் நாளில் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

மருந்தைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிமருந்து தெளித்த செடியின் பூவை மாலையாகச் சாத்தலாமே தவிர, அதன் இதழைத் தீர்த்தத்திலோ பஞ்சாமிர்தத்திலோ போடக்கூடாது. கடையில் வாங்கும் ரோஜாவுக்கும் இதுவே பொருந்தும். அது சாப்பிடுவதற்காக வளர்த்த பூ அன்று. பிரசாதத்தைக் குழந்தைகளும் முதியவர்களும் வாங்கி உண்கிறார்கள். மருந்தே தொடாத இரண்டு தொட்டிகளை அதற்கென்று தனியே வைத்திருப்பது என் வழக்கம். அவற்றில் பூ குறைவாகத்தான் கிடைக்கும், போகட்டும்.

உரம் கொஞ்சமாக, அடிக்கடி. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி மக்கிய எரு. இடையில் இரண்டு வாரத்துக்கொருமுறை பூச்செடி உரம் அரைத் தேக்கரண்டியைத் தொட்டி ஓரமாகத் தூவித் தண்ணீர் விடலாம். பச்சைக் கோழிச்சாணம் வேரைச் சுட்டுவிடும். வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை எல்லாம் மக்கிய பிறகு நல்லவை. அப்படியே கொட்டினால் எறும்பும் ஈயும்தான் வரும்.

கவாத்து என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மனம் வராது. கொத்து முழுவதும் பூத்து முடிந்ததும், அந்தக் கொத்தின் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட நல்ல இலைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவில் வெட்டிவிடுங்கள். வெட்டினால்தான் புதுக்கிளை, புதுக்கிளையில்தான் பூ. குளிர்நாட்டுப் புத்தகங்களில் முழங்காலுக்குக் கீழே வெட்டச் சொல்லியிருக்கும். அங்கே செடி குளிர்காலத்தில் உறங்கும். இங்கே உறக்கமே கிடையாது. இலையோடு மொட்டையடித்தால் செடி திரும்ப எழாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஒட்டுக்கட்டிய இடத்திற்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு கிளம்பும் கிளையை அடியோடு பிய்த்துவிடுங்கள். அது தாய்ச்செடியைத் தின்றுவிடும்.

வெட்டியதிலிருந்து பூக்கும் வரை ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். எனவே தீபாவளிக்குக் கொத்துப்பூ வேண்டுமானால் நாட்காட்டியில் ஆறு வாரம் பின்னால் எண்ணி அந்த வாரத்தில் கவாத்து செய்து உரம் வையுங்கள். தைப்பூசத்திற்கென்றால் டிசம்பரில் வெட்ட வேண்டி வரும். கிழக்குக்கரையில் இருப்பவர்களுக்கு அது அடைமழைக் காலம். தொட்டியைக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.