நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

கோட்டூர்புரத்தில் வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்துவதென்றால் முதலில் நேரத்தைப் பிடிக்க வேண்டும். அடையாற்றை ஒட்டிய வாரியக் குடியிருப்புகளில் பெண்கள் பலர் விடிந்ததும் வீட்டுவேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து, சோறாக்கி, கொஞ்சம் காலை நீட்டி உட்காரும்போது மதியம் இரண்டு, இரண்டரை ஆகிவிடும். ஆண்களைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலைதான் வழி. காந்தி மண்டபம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் போக வேண்டும். அங்கே முதலில் வாட்ச்மேன், பிறகு இன்டர்காம், அதற்கும் பிறகு அசோசியேஷன் செகரட்டரியின் அனுமதி.

களப்பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் விதி இது: பூட்டியிருக்கும் வீட்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். அதே வீட்டுக்கு வேறொரு நேரத்தில், வேறொரு கிழமையில் திரும்பப் போங்கள். பகலில் கதவு திறக்கும் வீடுகளில் மட்டும் கேட்டால் ஓய்வுபெற்றவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் சொன்னதே ஊரின் நிலவரமாகத் தாளில் ஏறிவிடும். ஆட்டோ ஓட்டுபவரும், பழைய மகாபலிபுரம் சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவரும் கணக்கிலேயே வராமல் போவார்கள். நோய் அதிகம் ஒளிந்திருப்பது அவர்களிடம்தான்.

கதவு திறந்த பிறகு, வீட்டில் யாரிடம் கேட்பது? "நான் சொல்றேன், எங்க வீட்ல எல்லாருக்கும் நானே சொல்லிடுவேன்" என்று பெரியவர் நாற்காலியை இழுத்துப் போடுவார். அவருக்கு மரியாதை கொடுத்து, நன்றி சொல்லி, வீட்டிலுள்ளவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டதில் யார் பெயர் வந்ததோ அவரிடமே கேட்க வேண்டும். மருமகளின் பெயர் வந்தால் அவரிடம்தான், அதுவும் தனியாக. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கா" என்ற பதில்தான் எழுத வேண்டியிருக்கும். வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ ஐந்து நிமிடம் தனியாகப் பேச இடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். என் அனுபவத்தில் கணக்கெடுப்பின் முழுக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. உடல்நலம் பற்றிக் கேட்க வருபவரை மக்கள் மதிப்பெண் போட வந்தவராகவே பார்க்கிறார்கள். சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. அந்தத் தவிப்பைக் குறைக்காமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் உண்மை கிடைக்காது.

"வாக்கிங் போவீங்களா சார்?" என்றால், "டெய்லி போவேன்மா."

"நேத்து போனீங்களா?"

"நேத்து மழை."

"முந்தாநேத்து?"

"முந்தாநேத்து பொண்ணு வீட்டுக்குப் போயிட்டோம்."

அவர் பொய் சொல்லவில்லை. தான் எப்படி இருக்க விரும்புகிறாரோ அதை முதல் கேள்விக்குச் சொன்னார். எப்படி இருக்கிறார் என்பதை அடுத்த இரண்டு கேள்விகளுக்குச் சொன்னார். ஆகவே, 'வழக்கமாக' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். நேற்றில் தொடங்கி, ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய், ஏழு நாளை நிரப்புங்கள்.

உடற்பயிற்சிக் கேள்வி இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றிவிட்டு, நான்கு வீடுகளில் தரை துடைத்துவிட்டு வந்த அக்காவிடம் "எக்ஸர்சைஸ் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள். "அதுக்கெல்லாம் நமக்கு ஏது நேரம்" என்பார். தாளில் 'இல்லை' என்று விழும். நூற்றாண்டு நூலகம் பக்கம் இருபது நிமிடம் நடந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் சோபாவில் இருப்பவருக்கு 'ஆம்' என்று விழும். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள், செய்யும் வேலையில் உடலுழைப்பு, போக வர நடப்பது, பொழுதுபோக்கு உடற்பயிற்சி என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது இதற்காகத்தான். உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் தனியாகக் கேட்கச் சொல்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டில் உப்பைப் பற்றி "அளவாப் போடுவோம்" என்பதைத் தவிர வேறு பதில் நான் கேட்டதில்லை. சமையலறை சொல்வதுதான் பதில். ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாளைக்கு வருகிறது, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் வீட்டில் அந்தக் கணக்குக்கு ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீக்கடை வடை எல்லாம் இதற்கு மேல். எண்ணெய்க்கும் இதே வழிதான்: மாதத்துக்கு எத்தனை பாக்கெட், எத்தனை வாய்? காய்கறியைக் கேட்கும்போது உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் சேர்க்காதீர்கள். அவை அந்தக் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் என்பது இலக்கு. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டு அதில் எவ்வளவு என்பதை வீட்டுக் கரண்டியைக் கையில் எடுத்துக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

புகையிலையைக் கேட்கும்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: சிகரெட், பீடி, ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலை. "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்ற பொதுக் கேள்விக்கு, இடுப்பில் சுருக்குப் பை வைத்திருக்கும் ஆயாகூட இல்லை என்றே தலையாட்டுவார். அவர் மனதில் அது புகைபிடிப்பவர்களுக்கான கேள்வி.

குடியைப் பற்றி மனைவி முன்னால் கேட்கக் கூடாது, பிள்ளைகள் முன்னால் கேட்கவே கூடாது. "குடிப்பீங்களா?" என்பதைவிட "கடைசியா எப்போ குடிச்சீங்கண்ணே?" என்று குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் கேட்டால் பதில் வருகிறது. "ஒரு குவார்ட்டர்தான்மா, அதுக்கு மேல இல்ல" என்பார். 180 மில்லியில் 42.8 சதவீதம் மது. அதாவது சுமார் 60 கிராம் ஆல்கஹால். 10 கிராம் ஓர் அலகு என்ற கணக்கில் ஆறு அலகு. ஒரே அமர்வில் இந்த அளவைத் தொட்டாலே அது மிதமிஞ்சிய குடி என்று வகைப்படுத்துகிறார்கள். 'ஒன்று' என்று தாளில் எழுதினால் ஆய்வு கெட்டுப்போகும். குவார்ட்டரா, ஹாஃபா, பீரா என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். மாற்றிக் கணக்கிடுவது அலுவலக வேலை.

இதில் மாதமும் முக்கியம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் குடியையும் சிகரெட்டையும் விட்டிருப்பார்கள். புரட்டாசியில் கறி இறங்காத வீடுகள் பல. தீபாவளிக்கு மறுவாரம் பலகாரம் டப்பாவில் இருக்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமே மாறியிருக்கும். கடந்த 30 நாளை மட்டும் கேட்டு ஊரின் பழக்கத்தை எழுதிவிட முடியாது. கடந்த 12 மாதத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும், எந்த மாதத்தில் கேட்டோம் என்பதை அறிக்கையில் குறிப்பிடவும் வேண்டும்.

பழக்கம் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகே அறிவுக் கேள்விகள். உப்பு பிரஷரை ஏற்றும் என்று தெரியுமா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அப்புறம் உப்பு பாக்கெட் கணக்கு சரியாக வராது. 'ஆம், இல்லை' கேள்விகளால் அறிவை அளக்கவும் முடியாது. "சுகர் எதனால வருதுன்னு நினைக்கிறீங்க?" என்று திறந்து கேட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினால்தான் ஏதாவது தெரியும். "கவலை", "ரேஷன் சர்க்கரை", "எங்கப்பாவுக்கு இருந்துச்சு" என்று வரும். 'தெரியாது' என்பதும் ஒரு பதில். அதை எழுதும்போது முகம் மாறக் கூடாது.

திறந்து கேட்டால் என்ன வெளிவரும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் டாக்டர் வி. மோகன் குழுவினர், அன்றிருந்த 155 வார்டுகளில் 46-ஐத் தேர்ந்தெடுத்து, 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரிடம் நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வின் விழிப்புணர்வுப் பகுதி 2005-இல் வெளியானது. நீரிழிவு என்று ஒரு நோய் இருப்பதே நான்கில் ஒருவருக்குத் தெரியவில்லை. அதைத் தடுக்க முடியும் என்று நம்பியவர்கள் 22.2 சதவீதம். உடல் பருமனும் உழைப்பின்மையும் காரணம் என்று சொன்னவர்கள் 11.9 சதவீதம். தங்களுக்கு நீரிழிவு இருப்பதை அறிந்தவர்களிலேயே, அது மற்ற உறுப்புகளைப் பாதிக்கும் என்று அறிந்திருந்தவர்கள் 40.6 சதவீதம்தான். இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. காலில் புண்ணோடு உட்கார்ந்து "செருப்பு கடிச்சதும்மா" என்று சொன்ன எத்தனையோ பேர் கண்ணுக்குள் வருகிறார்கள்.

எண்ணத்தை, அதாவது மனப்போக்கைக் கேட்பது இன்னும் நுட்பமான வேலை. 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படி வைத்துக் கேட்டால் நம் மக்கள் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்பார்கள். நான் இரண்டு ஆட்களை வைத்துக் கேட்பேன்: "ஒருத்தர் சொல்றார், பிரஷர் நார்மலுக்கு வந்துட்டா மாத்திரையை நிறுத்திடலாம்னு. இன்னொருத்தர், டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாதுங்கறார். நீங்க யார் பக்கம்?" இப்படிக் கேட்டால் ஆளுக்கு ஆள் பதில் பிரியும். வாரியக் குடியிருப்பிலும் சரி, லிஃப்ட் வைத்த அடுக்ககத்திலும் சரி, முதல் ஆளின் பக்கம் நிற்பவர்கள் நிறையப் பேர். படிப்பு அதிகமிருப்பதால் இந்த எண்ணம் மாறிவிடுவதில்லை என்பதே நான் பார்த்தது.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்காதீர்கள், "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். எத்தனை பிரித்திருக்கிறது, எப்போது வாங்கியது என்பதை அட்டை சொல்லும். ஆற்றோரத்தில் சிலர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மருத்துவச் சீட்டுகளைப் பறிகொடுத்தவர்கள். பழைய அளவுகள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டுக்கே வர ஆரம்பித்தது. ஒரு கணக்கெடுப்பு காட்டும் ஓட்டையை அரசு இப்படித்தான் அடைக்க வேண்டும்.

அளவெடுப்பதில் பொறுமை வேண்டும். படியேறி வந்தவருக்கு உடனே பிரஷர் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவு புடவைக் கட்டின் மேல் எடுப்பதல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுக்க வேண்டும். பெண்களுக்குப் பெண்தான் எடுக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு.

வெறும் டேப்பும் மூன்று கேள்வியும் இருந்தால் ஒருவருக்கு உடனே உதவ முடியும். மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அதற்குத்தான். வயது 35-ஐத் தொட்டால் 20, 50-ஐத் தொட்டால் 30. பெண்ணுக்கு இடுப்பு 80 செ.மீ. என்றால் 10, 90 என்றால் 20. ஆணுக்கு 90-ம் 100-ம். உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. தாய் தந்தையரில் ஒருவருக்கு சுகர் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-ஐத் தொடுகிறவர் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கேள்விகள் முடிந்த பிறகு இதைப் போட்டு, எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அழுத்தம் 180-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தாளை நிரப்புவது அப்புறம்.

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் கணக்கெடுப்புகளால் மக்கள் சலித்திருக்கிறார்கள். அது நியாயமான சலிப்பு. 1990-களில் திருமங்கலம் ஏசியாட் காலனியிலும் தி.நகர் பாரதி நகரிலும் நடந்த ஆய்வை இதற்கு மாற்றாகச் சொல்வேன். முடிவுகளை ஏசியாட் காலனி மக்களிடமே கொண்டுபோய்ச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது நடுத்தர வருவாயினரான ஏசியாட் காலனிக்காரர்களிடம் நீரிழிவு 12.4-லிருந்து 15.4 சதவீதமாகக் கொஞ்சமே கூடியிருந்தது. குறைந்த வருவாயினரான பாரதி நகர்க்காரர்களிடம் 6.5-லிருந்து 15.3-க்குப் பாய்ந்திருந்தது. பூங்காவும் நேரமும் இல்லாதவர்களிடம் நோய் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம். கோட்டூர்புரத்தில் அந்த இரண்டு சென்னையும் ஒரே சாலையின் இரு பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் வாசலில் டேப்பும் தாளுமாக ஒரு பெண் வந்து நின்றால் தயவுசெய்து அரை மணி நேரம் கொடுங்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள், யாருக்காக நடத்துகிறார்கள், பெயர் வெளியே வருமா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்டால் கதவைச் சாத்துங்கள். எந்த உடல்நல ஆய்வுக்கும் அவை தேவையில்லை. நேற்று சாப்பிட்டதை, நேற்று செய்ததை அப்படியே சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன், உங்கள் பிரஷரையும் இடுப்பளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.