மீண்டும் ஒலித்த சலங்கை

நுழையும்முன்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் சித்திரபுரத்துத் தேயிலைச் சரிவுகளில் ஊன்றி நடப்பது எளிதன்று. பாசி படிந்த படிக்கட்டுகளும் ஈரமண் பாதைகளும் எவரையும் வழுக்கச் செய்யும். ஆண்டுதோறும் நம் மாணவர் ஓரிருவரேனும் கால்கட்டுடன் வீட்டில் தங்க நேர்கிறது. பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றபின் லயத்து வீட்டில் தனியே அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பகற்பொழுது மிக நீண்டது. காயம் காலில் இருந்தாலும் சோர்வு மனத்தில் குடியேறிவிடும். அத்தகைய நாள்களைக் கடந்து வந்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

சுதா சந்திரன் உங்களைப் போலவே சொந்த மண்ணை விட்டு வெளியூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மும்பையில் வளர்ந்த அவர், இளமையிலேயே பரதநாட்டியம் பயின்று பல மேடைகளில் ஆடினார். 1981ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது, திருச்சிராப்பள்ளிக்கு அருகில் அவர் சென்ற பேருந்து விபத்துக்குள்ளானது. அவருடைய காலில் அடிபட்டது. காலுக்கு மாவுக்கட்டுப் போடப்பட்டது. ஆனால் கட்டுக்குள் மறைந்திருந்த புண் ஆறவில்லை, அழுகத் தொடங்கியது. உயிரைக் காக்க வேறு வழியின்றி மருத்துவர்கள் அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்றினர். அப்போது அவருக்கு ஏறத்தாழ 16 வயது.

ஆடுவதையே வாழ்வாகக் கொண்ட பெண் ஊன்றுகோலுடன் வீடு திரும்பினார். அந்த நிலையில் துயரம் வருவது இயல்பே. துயரப்படுவது கோழைத்தனம் அன்று. ஆனால் அத்துயரத்திலேயே தங்கிவிடாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று அவர் தேடினார்.

அவ்வாண்டில்தான் ஜெய்ப்பூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் பி.கே.சேத்திக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. அவரும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து 'ஜெய்ப்பூர் கால்' எனப்படும் செயற்கைக் காலை உருவாக்கியிருந்தனர். அதற்கு முன் இருந்த செயற்கைக் கால்கள் பெரும்பாலும் காலணிக்குள் பொருத்துவதற்கென அமைந்தவை, எளிதில் வளையாதவை. ஜெய்ப்பூர் காலோ ரப்பராலும் மரத்தாலும் இயற்கையான பாதத்தின் வடிவில் செய்யப்பட்டது. அதைக் கொண்டு வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தி அமரலாம், சேற்று வயலிலும் இறங்கலாம். விருதுச் செய்தியைப் படித்த சுதா, அம்மருத்துவரை நாடிச் சென்று செயற்கைக் காலைப் பெற்றார்.

கால் கிடைத்த அன்றே ஆட்டம் கிடைத்துவிடவில்லை. முதலில் நிற்கப் பழகினார். பின்னர் நடக்கப் பழகினார். அதன்பின்னரே அடவுகளைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் பயின்றார். தரையில் தட்டி ஆடும்போது, செயற்கைக் கால் பொருந்திய இடத்தில் தோல் உராய்ந்து குருதி கசிந்ததும் உண்டு. ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்புக்குப் பின், 1984ஆம் ஆண்டில் மும்பை மேடையில் அவருடைய சலங்கை மீண்டும் ஒலித்தது. அவருடைய வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்ட 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் அவரே நடித்தார். அந்நடிப்புக்காகத் தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதையும் பெற்றார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று.

முதலாவது, நம்பிக்கை என்பது வலியை மறைப்பதன்று. கட்டுக்குள் இருக்கும் புண் வெளியே தெரியாது. கால்விரல்கள் மரத்துப்போனாலும், நீலம் பாய்ந்தாலும், வலி நாளுக்கு நாள் மிகுந்தாலும், கட்டிலிருந்து துர்நாற்றம் வீசினாலும் உடனே பெரியவர்களிடம் கூற வேண்டும். 'அம்மா வேலைக்குப் போக வேண்டுமே, கூலி போய்விடுமே' என்று எண்ணி வாய்மூடி இருத்தல் ஆகாது. உரிய நேரத்தில் சொல்லும் ஒரு சொல் காலையே காக்கக்கூடும்.

இரண்டாவது, பெரிய இலக்கைச் சிறிய படிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'எப்போது ஓடுவேன்?' என்னும் கேள்விக்கு இன்று விடை கிடைக்காது. 'இன்று ஒரு பாடம் படித்தேனா? மருத்துவர் கூறிய பயிற்சியைச் செய்தேனா?' என்னும் கேள்விகளுக்கு இன்றே விடை உண்டு.

மூன்றாவது, நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதும் நம் உடல் சும்மா இருப்பதில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. எலும்பு முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. பிறகு மென்மையான இணைப்புத் திசு வளர்கிறது. அதுவே மெல்ல இறுகி எலும்பாகிறது. இப்பணி நிறைவுறப் பல வாரங்கள் ஆகும். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுப்பது அப்பணிக்கு நாம் செய்யும் துணையாகும். அது சோம்பல் அன்று.

சுதாவுக்கு இழந்த கால் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்டம் திரும்பக் கிடைத்தது. எல்லாம் பழையபடியே ஆகிவிடும் என்று எண்ணுவது மட்டும் நம்பிக்கை அன்று. பழையபடி ஆகாவிடினும் செய்வதற்கு ஒன்று உண்டு என்று உணர்வதே உறுதியான நம்பிக்கை.

தெரிந்து தெளிவோம்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால் மீது, அவருடைய ஐந்தாம் வயதில் பேருந்து ஏறியது. கால் நிலையாகப் பாதிக்கப்பட்டது. காய்கறி விற்று அவரை வளர்த்தார் அவருடைய தாய். 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டி அவர் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

சொல்லும் பொருளும்

அடவு – நாட்டியத்தின் அடிப்படை அசைவு
குருதி – இரத்தம்
உராய்தல் – உரசுதல்
துர்நாற்றம் – கெட்ட மணம்

சிந்தித்து விடையளிக்க

1. ஜெய்ப்பூர் கால் பரதநாட்டியம் ஆட ஏற்றதாக அமைந்தது ஏன்?
2. 'நம்பிக்கை என்பது வலியை மறைப்பதன்று' – இக்கூற்றைச் சுதா சந்திரன் வாழ்க்கையைக் கொண்டு விளக்குக.
3. குருதி, அழுகை, சலங்கை – இச்சொற்களைத் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.

செயல்பாடு

கால்கட்டுடன் வீட்டில் இருக்கும் வகுப்புத் தோழருக்கு ஒரு மடல் எழுதுக. 'கவலைப்படாதே' என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல், அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றை அதில் குறிப்பிடுக. எழுதிய மடலை நேரில் கொண்டு சென்று கொடுத்து, சிறிது நேரம் அவரோடு அமர்ந்து பேசி வருக.