கல்வராயனில் ட்ரவுட் சிக்குமா?

கல்வராயன் மலை ஓடைகளில் மிதக்கும் செயற்கை ஈ போட்டு ட்ரவுட் மீன் பிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கச்சிராயபாளையம்

முடியாது, நீலகிரிக்கு பஸ் ஏறுங்கள். ட்ரவுட்டுக்கு ஆண்டு முழுக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே இரையெடுக்கத் தயங்கும். ‘எங்கள் மலையிலும் மார்கழியில் பல் கிட்டுகிறதே’ என்பீர்கள். மீன் சித்திரையையும் தாண்ட வேண்டுமே! பெரிய கல்வராயனே ஏறத்தாழ 4000 அடிதான். கோடையில் ஓடைகள் சுருங்கி, நீர் சூடேறிவிடும். 1907இல் ஹென்றி வில்சன் ட்ரவுட் பொரிப்பகம் அமைத்த நீலகிரியின் அவலாஞ்சியோ 6500 அடிக்கு மேல். குஞ்சுகளை வாங்கி வந்து விடலாமே என்றால், அவற்றுக்கு ஒரு கோடை போதும், கதை முடிந்துவிடும். ஆனால் வித்தையை இங்கேயே பழகலாம். நீர்மேல் விழும் பூச்சியைக் கவ்வும் சிறு மீன்கள் நம் ஓடைகளிலும் உண்டு. மிகச் சிறிய முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீனுக்குப் பின்னால் நின்று, நீரோட்டத்துக்கு எதிராக வீசுங்கள். ஈ நீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். நூல் இழுத்து, ஈயின் பின்னால் கோடு விழுந்தால் மீன் சீண்டாது. ஆகவே தளர்வாக விடுங்கள். கை பழகியபின் அவலாஞ்சிக்குக் கிளம்பலாம். அதற்குமுன் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி கேட்டுவிடுங்கள்.