ஜப்பானிய மாணவரும் ஆங்கில ‘ஹாவ்’வும்

ஆங்கில இலக்கணத்தில் ‘பிரஸன்ட் பெர்ஃபெக்ட்’ என்னும் நிகழ்கால நிறைவு, நம்மைப் போலவே ஜப்பானிய மாணவரையும் திணற வைக்கிறது. அங்கே நடுநிலைப் பள்ளியில், ஏறத்தாழ நம் வயதை எட்டும்போது, இப்பாடம் வருகிறது. அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘கென்ஸாய் கன்ரியோ’. ‘கென்ஸாய்’ என்றால் நிகழ்காலம். ‘கன்ரியோ’ என்றால் முடிவடைதல். நிறைவு, விளைவு, அனுபவம், தொடர்ச்சி என்று நான்கு பிரிவாக்கிப் படிக்கிறார்கள். தேர்வுக்கு இது உதவும். ஆனால் அந்தப் பெயரே முதல் இடறுகல் என்று நமக்குத் தோன்றுகிறது. ‘மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஹாவ் லிவ்ட்’ என்றுதான் எழுத வேண்டும். வசிப்பது இன்னும் முடியவில்லையே! முடிவடைதல் என்ற பெயரை நம்பிய மாணவர் வெறும் ‘லிவ்’ என்று எழுதிவிடுகிறார்.

அடுத்த இடையூறு ‘தா’ என்னும் விகுதி. ‘தபெத்தா’ என்றால் சாப்பிட்டேன். ‘கினோ தபெத்தா’ என்றால் நேற்றுச் சாப்பிட்டேன். ‘மோ தபெத்தா’ என்றால் ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று. வினை ஒன்றே. ஆங்கிலமோ முதலாவதற்கு ‘ஏட்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஹாவ் ஈட்டன்’ என்றும் இரண்டு வேண்டும் என்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஜப்பானியத்தில் இறந்த காலத்தையும் நிறைவையும் காட்டக் கி, கெரி, த்ஸு, நு, தாரி, ரி என ஆறு விகுதிகள் இருந்தன. பிற்காலத்தில் ‘தாரி’ தேய்ந்து ‘தா’ ஆகி, மற்றவற்றின் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் அவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. அது ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. ‘நேற்றுச் சாப்பிட்டாயா?’ என்று கேட்டால், இல்லை என்பவர் ‘தபெனக்காத்தா’ என்பார். ‘ஏற்கெனவே சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்டால், அவரே ‘மதா தபெத்தே இனாய்’ என்பார். ஆம் என்னும்போது ஒன்றாக இருந்த வினை, இல்லை என்னும்போது இரண்டாகப் பிரிகிறது! முதலாவது முடிந்துபோன நேற்றைப் பற்றியது. இரண்டாவது, இந்த நொடி வரை சாப்பிடாமல் இருக்கும் நிலையைப் பற்றியது. ஆங்கில ‘ஹாவ்’ கேட்பதும் இந்த வேறுபாட்டைத்தான். ஆகவே ஐயம் வந்தால் வாக்கியத்தை ஜப்பானியத்தில் எதிர்மறையாக்கிப் பார்க்கலாம். ‘தே இனாய்’ வந்தால் பெரும்பாலும் ‘ஹாவ்’ பொருந்தும். ‘னக்காத்தா’ வந்தால் ‘டிட்’ போதும். நமக்கு இந்த வசதி இல்லை. ‘நேற்றுச் சாப்பிடவில்லை’, ‘இன்னும் சாப்பிடவில்லை’ என இரண்டிற்கும் தமிழில் ஒரே சொல்தானே!

‘தே இரு’ என்னும் வடிவம் இன்னும் சுவையானது. ‘தபெத்தே இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் ‘கித்தே இரு’ என்றால் வந்துகொண்டிருக்கிறார் என்பதன்று. வந்திருக்கிறார், இங்கே இருக்கிறார் என்பதே பொருள். கல்லறையில் கிடந்த லாசரைப் பற்றி ‘ஷிந்தே இரு’ என்றால், இறந்துகொண்டிருக்கிறார் என்று கொள்ளலாகாது. இறந்த நிலையில் இருக்கிறார் என்பதாகும். ‘தே இரு’ வந்த இடமெல்லாம் ‘இஸ்’ஸும் ‘இங்’கும் போடும் மாணவர், இறந்தவரை ‘இஸ் டையிங்’ என்று எழுதி மீண்டும் உயிரோடு வைத்துவிடுகிறார்!

‘வந்திருக்கிறார்’, ‘கித்தே இரு’ இரண்டும் ஒரே கட்டமைப்பு: எச்சத்தின் பின் ‘இரு’. அந்த ‘இரு’வுக்கு இரு மொழியிலும் இருத்தல் என்றே பொருள், ஒலியும் ஒன்று. பேராசிரியர் சுசுமு ஓனோ ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆகவே இந்த ஒற்றுமையைக் கண்டு நாம் மகிழலாம். அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அனுபவத்தைச் சொல்ல ஜப்பானியத்தில் தனி அமைப்பு உண்டு. ‘இத்தா கொத்தோ கா அரு’ என்றால் ‘போன அனுபவம் உண்டு’ என்று பொருள். இதில் ‘போ’ என்னும் வினை இருப்பதால், கியோட்டோ நகரைப் பார்த்து வந்தவர் ‘ஐ ஹாவ் கான் டு கியோட்டோ’ என்று சொல்லிவிடுகிறார். ‘போயிருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிய நம்மவரும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். கேட்கும் ஆங்கிலேயரோ, கியோட்டோவில் இருக்க வேண்டியவர் எதிரே நின்று பேசுகிறாரே என்று விழிப்பார். போய்த் திரும்பியவர் சொல்ல வேண்டியது ‘ஹாவ் பீன்’. ‘ஹாவ் கான்’ என்பது போனவர் இன்னும் திரும்பவில்லை என்பதைக் குறிக்கும்.